கட்டின கைதான் கூவணும்

நான் இப்போது சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவர்கூட நம்பப்போவதில்லை. பழவேற்காடு ஏரியின் மீதும், அதில் இன்னும் பிடிபடாமல் ஓடிக்கொண்டிருக்கும் இறால்களின் மீதும் சத்தியம் செய்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை பொன்னேரி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். டிக்கெட் கொடுத்ததைவிடப் புளுகு கொடுத்ததே அதிகம் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவள் தேசம்மாள். அவளுக்கு அஞ்சலி எழுத வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். அவள் மகள் செல்விதான் சொன்னாள்: "நீயே எழுது பெரிப்பா. எப்டியும் அம்மாவ திட்டித்தான் எழுதுவ. பரவால்ல."

செய்தி வந்தபோது பொன்னேரி பஸ் நிலையத்து டீக்கடையில் இருந்தேன். புதிதாக வந்த டிரைவர் ஒருவரிடம், ஒரு கோடையில் ஏரி வற்றிக் கிடந்தபோது பஸ்ஸை ஏரிக்குள்ளேயே இறக்கி ஆந்திரா வரைக்கும் ஓட்டிப்போய்ச் சில்லறை மாற்றிக்கொண்டு வந்த வீர வரலாற்றை விவரித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஏரியின் நட்டநடுவில் இருக்கும்போது போன் அடித்தது. "பெரிப்பா, கஞ்சி கொண்டாந்து வெச்சேன். எழுப்பினேன். அம்மா எழுந்துக்கல பெரிப்பா" என்றாள் செல்வி. டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதிக் கதையைக் கேட்காமலே எழுந்து போனார். அந்த பஸ் இன்னும் அங்கேயே நிற்கிறது.

தேசம்மாளை அறியாதவர் கையில் இந்தத் தாள் சிக்கினால் அவருக்காக இரண்டு வார்த்தை. கோட்டைக்குப்பத்து ஏலக் கொட்டகையில் ஏரி நண்டை ஏலம் விட்டவள் அவள். எனக்கு மாமன் மகள். கட்டிக்கொள்ளும் முறை இருந்தும் கட்டிக்கொள்ளாமல் போனதால்தான் இரண்டு பேரும் இத்தனை நாள் உயிரோடு இருந்தோம். அவள் குரல் சாதாரணக் குரல் அல்ல. "வாங்கய்யா, வாங்க, கொடுக்கு ஒண்ணு ஒண்ணும் ஒலக்கை" என்று அவள் எடுத்தால், ஏரியின் அந்தக் கரையில் ஒற்றைக் காலில் தூங்கும் பூநாரைகள் திடுக்கிட்டுக் காலை மாற்றிக்கொள்ளும். வடக்கே தீவில் ராக்கெட் விடுகிறவர்கள் பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கி வரும் நேரத்தில் இவள் முன்னூறு, முன்னூற்றைம்பது என்று ஏறிக்கொண்டிருந்தால், ராக்கெட்டுக்கே மேலே போவதா கீழே வருவதா என்று சந்தேகம் வந்துவிடும். அவளிடம் திட்டு வாங்காதவர்கள் நம் ஊரில் இரண்டு பேர்தான். ஒருவர் கோயில் அம்மன். இன்னொருவர் இன்னும் பிறக்கவில்லை.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. நண்டு உயிரோடு விலைபோக வேண்டிய சரக்கு. கொடுக்கை மடக்கிக் கயிறு போட்டுக் கட்டவேண்டும். கட்டும்போதே வயிற்று ஓடு அழுந்துகிறதா என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். அழுந்தினால் அது தண்ணி நண்டு, உள்ளே சதை இல்லை. அழுந்தாவிட்டால் சதை பிடித்த நண்டு. கூடையில் கட்டிப் போட்டபின் வியாபாரி ஒவ்வொன்றாக எடுத்து அழுத்திப் பார்ப்பதில்லை. கட்டியவளின் வாயை நம்பி வாங்குகிறான். ஆகவே எந்தக் கை நண்டைக் கட்டியதோ அந்தக் கைக்குரியவள்தான் ஏலம் விடவேண்டும். ஒருத்தி கட்டி இன்னொருத்தி கூவினால் அந்தக் கூடையைத் தொடமாட்டார்கள். "கட்டின கைதான் கூவணும். நண்டுக்கு வாய் கெடையாது. உள்ள சதை கீதா, தண்ணி கீதானு அதுக்கு பதிலா நான்தான் சொல்லணும்" என்பாள் தேசம்மாள். அவளிடம் கூடை எடுத்துச் சென்னைக்கு அனுப்பும் நசீர் பாய், அந்த நண்டெல்லாம் விமானம் ஏறிச் சிங்கப்பூர் போகிறது என்பார். "நான் மீஞ்சூர் தாண்டினதே ஆஸ்பத்திரிக்குத்தான். நான் கட்டின நண்டு ஏரோப்ளேன்ல போவுது" என்று அவள் பெருமூச்சு விடுவாள்.

இனி பயத்துக்கு வருகிறேன். அது ஒரு கைக்கடிகாரத்தில் வந்து இறங்கியது. தேசம்மாளின் தங்கை மகள் பவானி அயர்லாந்தில் நர்ஸ். லீவில் வந்திருந்தாள். நாடி பார்த்துக் கோடு கோடாகப் படம் போடும் கடிகாரம் ஒன்றைக் கட்டியிருந்தாள். வீட்டிலிருந்த ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் விளையாட்டாக அதை மாட்டிப் பார்த்தாள். செல்விக்குச் சரியாக அடித்தது. அடுத்த வீட்டு ஆயாவுக்கும் சரியாக அடித்தது. தேசம்மாள் கையில் கட்டியதும் பவானியின் சிரிப்பு நின்றுவிட்டது. கழற்றித் துடைத்து மறுபடி கட்டினாள். "பெரிம்மா, அடிக்கடி மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள். "ஏலம் வுட்றவளுக்கு மூச்சு வாங்காம இன்னா செய்யும்?" என்றாள் தேசம்மாள். சூழ்நிலையை லேசாக்கலாமென்று நான் என் கையை நீட்டினேன். "இந்தப் பக்கம் கட்டும்மா, ராஜநாடி எப்படி அடிக்கும்னு பாரு" என்றேன். கடிகாரம் என் கையிலும் அதே எச்சரிக்கையைக் காட்டியது. அன்றைக்கு என் கால் நடுங்கியதில் வீட்டின் ஓடு நாலு சரிந்ததாக அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்.

பொன்னேரியில் ஈ.சி.ஜி. எடுத்தோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். இதயத்தின் மேல் அறை ஒழுங்காகச் சுருங்கி விரியாமல், வெறுமனே நடுங்கிக்கொண்டிருப்பது. பெயர் என்னவோ ஜமீன்தார் பட்டம் மாதிரி இருக்கிறதே என்று நான் ஆறுதல் அடைந்தேன். பவானி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"நான் வேலை பாக்குற ஊர்ல இது சர்வசாதாரணம் பெரிப்பா. எல்லாம் எழுவது, எம்பது வயசுக்காரங்க. காலு வலினு வந்தாக்கூட நாடியப் புடிச்சிப் பாப்போம், மாட்டிக்கும். நம்ம பக்கம் கம்மினு சொல்றாங்க. கம்மியா கீதா, இல்ல யாரும் பாக்கலியானு யாருக்குத் தெரியும்?"

"அப்ப எனக்கு எப்டி வந்துச்சி? நான் இன்னா எம்பது வயசுக் கிழவியா?" என்றாள் தேசம்மாள்.

"சின்ன வயசுல காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்கிப் படுத்திருந்தியாமே பெரிம்மா. அம்மா சொல்லிச்சி. தொண்டைப்புண்ணுல ஆரம்பிக்கிற காய்ச்சல் அது. போறப்ப நெஞ்சுல கீற வால்வைக் கெடுத்துட்டுப் போயிடும். அங்க அந்தக் காய்ச்சலே இப்ப அவ்வளவா கெடையாது. என்கூட ஆப்பிரிக்காப் பொண்ணு ஒருத்தி வேலை பாக்குறா. அவ ஊர்லயும் நம்மள மாதிரிதான். இடுப்புல கொழந்தைய வெச்சிகினு வர்றவளுக்கு இது இருக்குமாம். மாத்திரை வாங்க ஒரு நாள் நடக்கணுமாம்."

தேசம்மாள் என் பக்கம் திரும்பினாள். "யோவ் மாமா, அப்ப உனுக்கு வந்துகிறது சீமை நோயி, எனுக்கு வந்தது நாட்டு நோயா? இதுலயும் ஓரவஞ்சனையா?"

"என்னுடையது ஐரோப்பிய இதயம். மரியாதையாகப் பேசு" என்றேன்.

நாங்கள் சிரித்தோம். பவானி சிரிக்கவில்லை. அவள் இருக்கும் ஊரில் தொடை வழியாக ஒயர் விட்டு, நெஞ்சுக்குள் கெட்டுப்போன இடத்தைச் சுட்டுச் சரிசெய்வார்களாம். "கருவாடு சுடுற மாதிரியா?" என்று தேசம்மாள் கேட்டாள். ரத்தத்தைச் சோதிக்க வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் சின்ன மெஷின் உண்டாம், விரலில் குத்தினால் சொல்லிவிடுமாம். அதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்த தேசம்மாள், "இங்க இன்னா உண்டு, அத்த சொல்லு" என்றாள். பவானி பதில் சொல்வதற்கு முன்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் முழுதாகப் புரிந்தது.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இருவரும் சேர்ந்தே போனோம். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில். இதய நோய்ப் பிரிவின் வரிசையில் நின்று பார்த்தேன். முன்னும் பின்னும் தலை நரைத்தவன் நான் ஒருவன்தான். எனக்கு முன்னால் நின்றது திருத்தணிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி முதல் தீபாவளி இன்னும் வரவில்லை என்றாள். அவளுக்கும் எனக்கும் ஒரே வியாதிப் பெயர். எனக்கு வந்தது வயதும் ரத்த அழுத்தமும் கொண்டுவந்தது. எனக்குக் கொடுத்த மாத்திரைக்கு மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டாம். தேசம்மாளுக்கு வால்வைப் பலூன் வைத்து விரித்துவிட்டார்கள். நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. ரத்தம் கட்டாமல் இருக்க அவளுக்குப் பழைய மாத்திரைதான். கூடினால் ரத்தம் வடியும், குறைந்தால் கட்டும். அடிக்கடி வந்து ரத்தம் கொடுத்து அளவைச் சரிபார்க்க வேண்டும். "எனுக்கும் அந்த மாத்திரையே குடுங்க டாக்டரு, இந்த ஆளுக்குக் குடுக்குறீங்க இல்ல" என்று சண்டை போட்டாள். "உங்க வால்வு இருக்கிற நிலைமைக்கு அது சரிவராதும்மா. ரெண்டும் ஒரே நோய் மாதிரி தெரியும், ஒண்ணு இல்ல" என்றார் அந்த இளம் டாக்டர் பொறுமையாக. பிறகு ஒன்று சொன்னார். "நடுங்குற எடத்துல ரத்தம் தேங்கிக் கட்டியா ஆயிடும். அது மூளைக்குப் போனா ஒரு பக்கம் கை கால் விழுந்துடலாம். பேச்சு போயிடலாம். ஒரு நாள்கூட மாத்திரைய விடாதீங்க."

திரும்பி வரும்போது ரயிலில் மீஞ்சூர் தாண்டியபின் மெதுவாகச் சொன்னாள்: "கை கால் போவட்டும் மாமா. செல்வி வாரிப் போட்டுக்கும். பேச்சு போச்சின்னா நான் இன்னாத்துக்கு?" எனக்கும் அதே பயம். நாக்கைத் தவிர எனக்கும் வேறு சொத்து கிடையாது.

மாத்திரை தொடங்கிய சில வாரத்தில் ஒரு நண்டு அவள் கட்டைவிரலைக் கவ்வியது. நண்டு கடிப்பது அவளுக்குக் கொசு கடிப்பது மாதிரி. தண்ணீரில் உதறிவிட்டு அடுத்த நண்டை எடுப்பாள். அன்று ரத்தம் நிற்கவில்லை. துணி சுற்றினாள், மஞ்சள் வைத்தாள், செல்வி அழுத்திப் பிடித்தாள். துணியை மீறிக் கூடைக்குள் சொட்டியது. புதிதாக வந்த ஒரு வியாபாரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ரத்தம் பட்ட சரக்கு வேணாம்" என்று நகர்ந்துவிட்டான். நசீர் பாய் தன் கைக்குட்டையைக் கிழித்து அவள் விரலைக் கட்டி, "பரவால்லம்மா, நான் எடுத்துக்கறேன்" என்றார். கொட்டகையில் அவள் சரக்கை ஒருவர் இரக்கப்பட்டு எடுத்தது அதுதான் முதல் தடவை. அவள் அவருக்கு நன்றி சொல்லவில்லை. திட்டவும் இல்லை.

லீவு முடிந்து திரும்பிப் போயிருந்த பவானி போனில், "கையுறை போட்டுக்கினு கட்டு பெரிம்மா" என்றாள். செல்வி போய்த் தடித்த ரப்பர் கையுறை வாங்கி வந்தாள். அதைப் போட்டுக்கொண்டு தேசம்மாள் உட்கார்ந்த கோலம், அரசாங்கமே சேர்ந்து ஆபரேஷன் செய்யப்போவது போலிருந்தது. நண்டு கடிக்கவில்லைதான். ஆனால் ரப்பருக்கு உள்ளேயிருந்த கட்டைவிரலுக்கு ஓடு அழுந்துகிறதா இல்லையா என்பது தெரியவில்லை. மறுநாள் நசீர் பாய் ஒரு நண்டைத் தனியாகக் கொண்டுவந்து, யாரும் பார்க்காதபடி அவள் கையில் வைத்தார். தண்ணி நண்டு. "ஒண்ணுதாம்மா. சும்மா சொல்லலாம்னு" என்றார். அவர் போனதும் அவள் இரண்டு கையுறையையும் ஏரியில் வீசினாள். அவை விரலை விரித்துக்கொண்டு மிதந்து போயின. யாரோ இரண்டு பேர் மூழ்கிவிட்டார்கள் என்று எதிரே வந்த படகுக்காரன் குதிக்கப் பார்த்தான்.

"நீ கூவு, நான் கட்டறேன்" என்றாள் செல்வி.

"கட்டின கைதான் கூவணும்."

"அப்ப நானே கட்டி நானே கூவறேன். நீ ஊட்ல குந்து."

"உன் வாய்க்கு ஈகூட பறக்காது. போடீ."

அதன்பின் கொட்டகைப் பெண்கள் எல்லோரும் கூடி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஏரி நண்டு அமாவாசையை ஒட்டிய நாட்களில்தான் சதை பிடித்து வரும், கூடையும் நிறையும். மற்ற நாட்களில் ஏலம் மந்தம். ஆகவே அமாவாசையை ஒட்டிக் கை நண்டில் கிடக்கும் நாட்களில் மாத்திரையை நிறுத்திவிடுவது. ரத்தம் கெட்டியாக இருக்கும், கடித்தாலும் நிற்கும். ஏலம் ஓய்ந்ததும் மறுபடி மாத்திரை. ரத்தம் நீர்த்துக்கொள்ளும். கரையில் நிற்கும்போது வலையைக் காயப்போடுவதும் ஏரிக்குப் போகும்போது நனைப்பதும் மாதிரி. கேட்டவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். கத்தியும் முள்ளும் நண்டுக் கொடுக்கும் நாள்தோறும் படும் கைகளுக்கு அதைவிட நியாயம் வேறென்ன தோன்றும்?

நான் தலையாட்டவில்லை. பொதுவாக என் பேச்சை ஊரில் யாரும் நம்புவதில்லை என்பதால், நான் சொன்ன ஒரே உண்மையும் புளுகோடு புளுகாகப் போயிற்று. "டாக்டர் ஒரு நாள்கூட விடாதேன்னு சொன்னாரே. மாத்திரைக்கு என்ன அமாவாசை விரதமா?" என்று கொட்டகை நடுவில் கத்தினேன்.

"ஆமாய்யா, வெரதம்தான். அந்த டாக்டரு நண்டு கட்டுவாரா? உனுக்கு இன்னா, பேனா புடிச்ச கை. சீமை நோயி. குந்திகினே மாத்திரை போடலாம்."

பவானிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் அங்கேயிருந்து அழுதாள். கெஞ்சினாள். "இங்க இருக்கிறவங்க யாரும் நண்டு கட்டறதில்ல பெரிப்பா. இதுக்கு இன்னா செய்யணும்னு யாரும் எனுக்கு சொல்லித் தர்ல" என்றாள். பெரியம்மாவிடம் பேசினால், "போட்டுகினுதான் கீறேன்மா" என்ற பதில்தான் அவளுக்குக் கிடைத்தது. ஒவ்வொரு அமாவாசை கழியும்போதும் நான் கொட்டகைப் பக்கம் போய் எட்டிப் பார்ப்பேன். குரல் கேட்கும். அப்பாடா என்று திரும்பிவிடுவேன். அந்த அப்பாடாவில்தான் சில மாதம் ஓடியது.

தை அமாவாசைக்கு மறுநாள் செல்வி ஓடிவந்தாள். "அம்மா கைல இருந்த தம்ளர் வுழுந்துச்சி பெரிப்பா. இன்னானு கேட்டா ஏதோ பேசுது. பேச்சு மாதிரி இல்ல." நான் போனபோது தேசம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. எனக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. வழக்கம்போல, "என்னடி, ஏலத்துக்கு மட்டம் போட்டுட்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கே?" என்றேன். சொல்லிவிட்டு அவள் பதிலுக்காகக் காத்திருந்தேன். அவள் வாய் கோணிக்கொண்டு அசைந்தது. ஒரு சத்தம் வந்தது. அது என்னைத் திட்டுகிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

ஆட்டோவில் பொன்னேரி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் சென்னை. தலையில் அடைத்திருந்தது ரத்தக் கட்டிதான் என்றார்கள். உயிரைக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு வந்தபோது இடது கையால் சாப்பிட்டாள், பிடித்தால் நடந்தாள். நாம் பேசுவதில் பாதி புரிந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. செல்வியைக் கூப்பிட வாயெடுத்து, பெயர் வராமல், தரையைத் தட்டிக் கூப்பிடுவாள். காலையில் கொட்டகையில் இருந்து மற்றவர்களின் ஏலச் சத்தம் காற்றில் வரும்போது தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அழுகிறாள் என்று செல்வி ஒரு நாள் அவளைக் கொட்டகைக்கே கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அன்றைக்குச் செல்வி முதல் முறையாகத் தானே நண்டு கட்டியிருந்தாள். விரலெல்லாம் கீறல். கட்டின கைதான் கூவணும். எழுந்து நின்றாள். வாய் திறந்தது, குரல் எழவில்லை. யாரோ சிரித்தார்கள். இன்னொரு தடவை முயன்றாள். அப்போதும் வரவில்லை.

பின்னால் இருந்து வந்தது.

"நூறு! நூத்தம்பது! எரநூறு! எரநூத்தம்பது!"

பழைய குரல். அதே உருட்டல், அதே வேகம். கொட்டகை மொத்தமும் திரும்பியது. தேசம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஏலம் விட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா!" என்று செல்வி கத்தினாள். நசீர் பாய் கையை வானத்துக்கு உயர்த்தி, "யா அல்லா!" என்றார். நான் அங்கேயே ஆடியிருப்பேன். பக்கத்தில் நின்றவளைப் பிடித்துக்கொண்டு, "வந்துடுச்சுடி, பேச்சு வந்துடுச்சு!" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தோம். யாரும் விலை கேட்கவில்லை. ஒரு கைகூட உயரவில்லை. எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. எழுநூறு, எழுநூத்தம்பது. "எனக்கே வுடும்மா, நான் எடுத்துக்கறேன்" என்று நசீர் பாய் கையைத் தூக்கினார். அவள் அதைக் காதில் வாங்காமல் எண்ணிக்கொண்டே போனாள். ஆயிரம் போயிற்று. செல்வி முன்னால் மண்டியிட்டு, "அம்மா, போதும்மா" என்றாள். போதவில்லை. கொட்டகையில் நண்டுகள் கூடையைச் சுரண்டும் சத்தமும் அந்த எண்ணிக்கையும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மூளையில் பேசும் இடம் வேறு, பழகிப்போனதை வாய் தானாகச் சொல்லும் இடம் வேறு, முதலாவது போனாலும் இரண்டாவது சிலருக்குத் தங்கிவிடும் என்று பிறகு பவானி விளக்கினாள். அன்று எங்களுக்கு அது தெரியாது. வாய் அவளுடையதாக இருந்தது. ஓட்டுகிறவர் யார் என்று தெரியவில்லை.

செல்வி எழுந்தாள். தாயின் முகத்துக்கு நேராக நின்று, தன் வாழ்நாளில் எழுப்பாத குரலை எழுப்பினாள்.

"ஒரு தரம்!"

எண்ணிக்கை தடுமாறியது.

"ரெண்டு தரம்!"

தேசம்மாளின் உதடு மட்டும் அசைந்தது.

"மூணு தரம்!"

நின்றுவிட்டது. ஏலம் முடிந்தால் வாயை மூடவேண்டும் என்பதும் அவளுக்குப் பழகிப்போன ஒன்றுதான். இடது கையால் செல்வியின் கீறல் விழுந்த கட்டைவிரலைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். நசீர் பாய் மூக்கைச் சிந்திவிட்டு, "இந்தக் கூடை எனக்கு. யார் கட்டினது, யார் கூவினது, எல்லாம் ஒரே கைதான்" என்றார். யாரும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து செல்விதான் கட்டுகிறாள், செல்விதான் கூவுகிறாள். அதற்குப் பிறகு தேசம்மாள் கொட்டகைக்கு வரமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். எண்ணிக்கை மறுபடி கிளம்பிவிடுமோ என்று பயந்திருக்கவேண்டும். மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூடத் தவறாமல் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். ஆடி பிறப்பதற்குள், ஒரு காலை நேரத்தில், களைத்துப்போன அந்த நெஞ்சு நின்றுவிட்டது.

நான் எழுதியதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். மீதியிலும் பாதியைத் தள்ளிவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. அவளைப் பற்றி இத்தனை காலம் ஊதிப் பெருக்கியே பேசிவந்தேன், இப்போது சுருக்கிப் பேச வரவில்லை. ஆனால் ஒரு சின்ன இடம் உண்மை. வாய் எண்ணிக்கொண்டே போனபோது அவள் கண் எங்களைப் பார்த்தது. யாராவது இதை நிறுத்துங்களேன் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கடைசியில் என் முகத்தில் வந்து நின்றது. அதை நான் ஒரு முடியளவும் கூட்டிச் சொல்லவில்லை. அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தப் பார்வையைத்தான். தினமும் காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இன்று ஒரு நாள் விட்டால் என்ன என்று தோன்றும்போது அது வந்து என்னைப் பார்க்கிறது. விழுங்கிவிடுகிறேன். விழுங்கியபின், பேச்சு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, தனியாக உட்கார்ந்து அவள் பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.